எழுதுவது வேறு, அனுப்புவது வேறு



மடல் எழுதுதலும் மடல் அனுப்புதலும் இருவேறு செயல்கள் என்பதை நம் முன்னோர் எவரும் சொல்லித் தராமலே அறிந்திருந்தனர். நீல நிற இன்லண்டுத் தாளை அஞ்சலகத்தில் வாங்கி வந்து, அன்றைய வேலையெல்லாம் ஓய்ந்தபின் விளக்கின் அருகே அமர்ந்து எழுதுவார்கள். எழுதியதை மடித்து, ஓரத்தில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டி, மாடத்தில் வைத்துவிட்டு உறங்கச் செல்வார்கள். மறுநாட் காலையில்தான் அது தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்குள் விழும். எழுதிய பொழுதுக்கும் பெட்டியில் இட்ட பொழுதுக்கும் இடையே ஓர் இரவு கிடந்தது. அந்த ஓரிரவில் கிழித்தெறியப்பட்ட மடல்கள் எத்தனையோ! அதனால் பிழைத்துக்கொண்ட உறவுகள் எத்தனையோ!

இன்று அவ்விரவு நம் கையிலிருந்து நழுவிவிட்டது. எழுதும் விரலே அனுப்பும் விரலும் ஆயிற்று. சினத்தில் பிறந்த சொல், சினம் தணியுமுன்னரே கடல் கடந்து சென்று மகனுடைய சட்டைப்பையில் மணியடிக்கிறது. ஒருவருக்கு மட்டும் எழுதியது ஊருக்கெல்லாம் சென்றுவிடுகிறது. சென்றபின் திரும்ப அழைக்க வழியில்லை.

இந்த இடர்ப்பாட்டை முதன்முதல் சந்தித்தவர்கள் நாம் அல்லர். மின்னஞ்சல் என்ற ஒன்று தோன்றிய காலத்தில் அதனைக் கையாண்ட கணிப்பொறி அறிஞர்களே இதனைச் சந்தித்தனர். அவர்கள் வாளாவிருக்கவில்லை. தாங்கள் எழுதப் பயன்படுத்திய கருவியையே தம் குறைகளுக்கு ஏற்பத் திருத்தி அமைத்து, எழுதுவதற்கும் அனுப்புவதற்கும் இடையே மீண்டும் ஒரு வேலியைக் கட்டினர். அவ்வேலி எப்படிப்பட்டது, அதனிடமிருந்து நம் இல்லங்கள் கற்கத்தக்கது யாது என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

சிறிது வரலாறு

1971-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு மடல் செல்லும் முறையை அமைத்தார். ஆளின் பெயரையும் அவர் மடல் பெறும் கணிப்பொறியின் பெயரையும் பிரிப்பதற்கு, வட்டத்துக்குள் 'ஏ' எழுத்தை இட்டாற் போன்ற குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. இன்று நம் சிறுவர்களும் அக்குறியை அறிவர். அவர் முதன்முதல் அனுப்பிய மடல் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரு கணிப்பொறிகளுக்கு இடையே சென்றது. அதில் என்ன எழுதினோம் என்பது அவருக்கே நினைவில் நிற்கவில்லை. தட்டெழுத்துப் பலகையில் விரல் போன போக்கில் தட்டிய எழுத்துகளாகவே இருக்கும் என்று பிற்காலத்தில் கூறினார்.

1979-ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இருவர் வேறொன்றைச் சிந்தித்தனர். தனி மடல் ஒருவருக்குச் செல்வது. பலரும் கூடிப் படிக்கவும் பலரும் மறுமொழி எழுதவும் ஒரு பொதுப் பலகை இருந்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம். 1980-இல் அஃது யூஸ்நெட் என்ற பெயரில் செயற்படத் தொடங்கியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு செய்திக்குழு ஏற்பட்டது. தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு கணிப்பொறி அடுத்ததை அழைத்துத் தன்னிடமுள்ள செய்திகளைக் கொடுக்கும். அது தனக்கு அடுத்ததற்குக் கொடுக்கும். இவ்வாறு ஒருவர் எழுதியது ஊர் ஊராய், நாடு நாடாய்ப் பரவியது. திரும்பப் பெறும் கட்டளை ஒன்று இருந்தது உண்மையே. ஆனால் அக்கட்டளையும் மடலின் பின்னாலேயே ஊர் ஊராய் ஓட வேண்டும். அதனை ஏற்காத கணிப்பொறிகளும் பல. ஊதிவிட்ட பஞ்சை மீண்டும் தலையணைக்குள் அடைப்பது போன்ற முயற்சி அது.

அக்காலத்தவர் மடல் எழுதுவதற்குத் தனியே ஒரு கருவியைத் தேடவில்லை. தாங்கள் நாள்தோறும் நிரல் எழுதும் உரைத்தொகுப்பியிலேயே மடலையும் எழுதினர். உரைத்தொகுப்பி என்பது எழுத்துகளை இடவும், அழிக்கவும், நகர்த்தவும், தேடவும் உதவுகின்ற செயலி. ஆங்கிலத்தில் டெக்ஸ்ட் எடிட்டர் என்பர். அவற்றுள் புகழ் பெற்றவை இரண்டு. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பில் ஜாய் 1976-இல் எழுதிய 'வி.ஐ.' ஒன்று. அதே ஆண்டில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலியோர் உருவாக்கிய 'ஈமாக்ஸ்' மற்றொன்று. ஸ்டால்மன் பின்னர் 1985-இல் யாவரும் தாராளமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க ஈமாக்ஸை வெளியிட்டார். ஜப்பானியரான மசனோபு உமேதா அதற்குள் 'நூஸ்' என்னும் செய்தி வாசிப்பானை எழுதினார். நார்வே நாட்டவரான லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்சன் 1990-களில் அதனைப் புதிதாக எழுதி விரிவாக்கினார். மடல் எழுதுவதற்கென அதனுள் வளர்ந்த பகுதிதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். ஈமாக்ஸில் அஃது இன்றும் உள்ளது; இன்றும் அதில் மடல் எழுதுவோர் உள்ளனர்.

பெறுநர், பொருள், பார்வை

நம் பிள்ளைகள் பள்ளியில் அலுவலகக் கடிதம் எழுதப் பயிலும்போது அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாக எழுதுகின்றனர் அல்லவா? மின்னஞ்சலின் அமைப்பும் முற்றிலும் அதுவே. 1982-இல் டேவிட் கிராக்கர் வகுத்த விதிமுறைப்படி ஒரு மடலின் தலைப்பகுதியில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரியாக அமையும். அதன்பின் ஒரு வெற்றுவரி. வெற்றுவரிக்குக் கீழே வருவதெல்லாம் மடலின் உடல். முன் வந்த எந்த மடலுக்கு இது மறுமொழி என்பதைச் சுட்டும் 'பார்வை' வரியும் தலைப்பகுதியில் உண்டு. அவ்வரியைக் கொண்டே கணிப்பொறி கேள்வியையும் மறுமொழியையும் ஒரே சரட்டில் கோத்துக் காட்டுகிறது.

இன்றைய கைப்பேசிச் செயலிகள் இவ்வரிகளிற் பலவற்றை மறைத்துவிடுகின்றன. உரைத்தொகுப்பியிலோ அவை கண்முன்னே வெறும் எழுத்தாகக் கிடக்கும். எழுதுகிறவர் உடலைத் திருத்துவது போலவே பெறுநர் வரியையும் திருத்தலாம். அதனால் விளையும் நன்மை பெரிது. யாருக்கு எழுதுகிறோம் என்பது எழுதி முடிக்கும் வரை பார்வையிலிருந்து விலகுவதில்லை. நகல் வரியில் ஆறு பெயர்கள் நின்றால், அந்த ஆறு பேரும் நம் எதிரே அமர்ந்திருப்பதாகவே தோன்றும். பிறகு நாவு தானே அடங்கும்.

நகல் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் அவ்வரியை 'சி.சி.' என்பது கார்பன் நகல் என்பதன் சுருக்கமே. தட்டச்சுப் பொறியில் இரு தாள்களுக்கு நடுவே கருநீலத் தாள் வைத்து அடித்த காலத்தின் எச்சம் அது. மறைநகல் என்ற மற்றொரு வரியும் உண்டு. அதில் எழுதிய பெயர்களை மற்றவர் காண இயலாது. இதனை ஒருவர் அறியாமல் மற்றவருக்குக் காட்டிக்கொடுக்கப் பயன்படுத்துவோர் உளர், அது நேர்மையன்று. ஆனால் ஐம்பது குடும்பங்களுக்கு ஒரே அறிவிப்பை அனுப்பும்போது, ஒருவர் முகவரியை மற்றவர்க்கு வெளிப்படுத்தாதிருக்க மறைநகலே தக்க வழி.

எட்டு எழுத்து இடம்

ஒரு வரியில் எத்தனை எழுத்து இருக்கலாம்? இக்கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஐ.பி.எம். நிறுவனம் 1928-இல் வெளியிட்ட துளையட்டையில் 80 நிரைகள் இருந்தன. அதனைப் பின்பற்றியே பிற்காலத்துக் கணிப்பொறித் திரைகள் பலவும் 80 எழுத்து அகலம் கொண்டன. அப்படியானால் மடலின் வரியும் 80 எழுத்து இருக்கலாமே? இல்லை. ஈமாக்ஸின் மடற்பகுதி 72 எழுத்திலேயே வரியை மடிக்கிறது.

எஞ்சிய எட்டு இடம் எதற்கு? மறுமொழி எழுதுகிறவர் நம் வரியை எடுத்துக்காட்டும்போது, அதன் முன்னே கோணக் குறி ஒன்றை இடுவார். அவருக்கு மறுமொழி தருபவர் இன்னுமொரு குறி இடுவார். இவ்வாறு நம் சொல் கைமாறிச் செல்லும்போது வரி உடைந்து சிதறாதிருக்கவே அந்த எட்டு இடம். நாம் எழுதும்போதே, இன்னும் வாய் திறவாத ஒருவருடைய மறுமொழிக்கு இடம் ஒதுக்கி வைக்கிறோம். பந்தியில் அமர்கிறவன் அடுத்து வருபவனுக்கு இலை போட இடம் விட்டு நகர்ந்து அமர்வது போன்ற பண்பாடு இது.

மேற்கோளின் முறைமை

இவ்வெழுத்தாளர்கள் வளர்த்த கலைகளுள் தலையாயது மறுமொழி எழுதும் கலை. முன் வந்த மடல் முழுவதையும் அப்படியே வைத்துக்கொண்டு அதன் தலையில் இரண்டு சொல் எழுதி அனுப்புவதை அவர்கள் விரும்புவதில்லை. தேவையற்றதை வெட்டிவிட்டு, மறுமொழிக்குரிய வரியை மட்டும் நிறுத்தி, அதன் கீழே தம் விடையை எழுத வேண்டும். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளிகளை அடைப்புக்குள் இட வேண்டும். இங்கே ஒரு பகுதி விடப்பட்டது என்று படிப்பவர்க்கு நேர்மையாக அறிவிக்கும் அடையாளம் அது. ஈமாக்ஸில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. குறித்த பகுதி நீங்கி, புள்ளிகள் தாமே வந்து அமரும்.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்க்குக் கற்பனையாக ஒன்று கூறுவேன். ஊரிலுள்ள மூத்தவர், துபாயில் பணிபுரியும் தம்பிக்கு மடல் எழுதுகிறார். அதில் மூன்று கேள்விகள். தாயாரின் கண் அறுவைச் செலவில் பாதியைத் தருவாயா? சிகிச்சைக்குப் பின் அவர்களைச் சில காலம் உன்னிடம் வைத்துக்கொள்வாயா? பழைய வீட்டை இவ்வாண்டே விற்றுவிடலாமா? தம்பி பணி நெருக்கடியில் மடலின் தலையில் இரண்டே வரி எழுதுகிறார்: "இப்போது முடியாது, அண்ணா. பிறகு பார்க்கலாம்."

எது முடியாது? தம்பியின் மனத்தில் இருந்தது வீடு. அண்ணனின் மனத்தில் விழுந்தது தாயின் கண். அன்று முதல் அண்ணன் பேசுவதில்லை. ஏன் பேசவில்லை என்று தம்பிக்குத் தெரியாது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வந்தபோது இருவரும் ஒரே முற்றத்தில் முகம் திருப்பி நிற்கின்றனர். இடையே தாயார் நிற்கிறார்.

அதே தம்பி கீழ்வருமாறு எழுதியிருந்தால்?

> அம்மாவின் கண் அறுவைச் செலவில் பாதியை நீ தருவாயா?

முழுவதையும் நானே தருகிறேன், அண்ணா.

> பிறகு சில காலம் உன்னிடம் வைத்துக்கொள்வாயா?

மருத்துவர் விமானப் பயணத்திற்கு இசைந்தால் மகிழ்ச்சியோடு அழைத்துக்கொள்கிறேன்.

> பழைய வீட்டை இவ்வாண்டே விற்றுவிடலாமா?

இப்போது முடியாது, அண்ணா. நான் ஊருக்கு வந்தபின் நேரில் பேசுவோம்.

அதே மனிதர், அதே அன்பு, அதே 'முடியாது'. ஆனால் சொல் தனக்குரிய கேள்வியின் கீழ் அமர்ந்துவிட்டது. இதற்குக் கூடுதலாய்ச் செலவான நேரம் இரண்டு நிமிடம்.

வாயிற்காவலனின் கேள்விகள்

எழுதி முடித்தாயிற்று, இனி அனுப்ப வேண்டும். ஈமாக்ஸில் எழுதும் விசைகளால் மடலை அனுப்ப இயலாது. அனுப்புவதற்கென்று கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு 'சி' எழுத்தை இருமுறை தட்ட வேண்டும். செய்திக்குழுவுக்குரிய மடலாயின், கருவி அதனை அப்போதும் உடனே விட்டுவிடாது. வாயிற்காவலன் போல் நின்று சில கேள்விகள் கேட்கும்.

உடலில் ஒன்றுமே எழுதப்படவில்லையே, அனுப்பவா? பிறர் எழுதியதை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக நீர் எதுவும் எழுதவில்லையே, அனுப்பவா? வரிகள் மிக நீண்டுள்ளனவே, அனுப்பவா? உம் எழுத்து மேற்கோளுக்குப் பின்னர் அல்லவா வர வேண்டும், அனுப்பவா? உம் கையொப்பம் நான்கு வரிகளைத் தாண்டுகிறதே, அனுப்பவா?

கடைசிக் கேள்வி நமக்கு நகைப்பை வருவிக்கலாம். மடலின் இறுதியில் இரண்டு சிறு கோடுகளையும் ஓர் இடைவெளியையும் இட்டு, அதற்குக் கீழே பெயர், பணி, முகவரி முதலியவற்றை எழுதுவது வழக்கம். அந்தக் கோடுகளைக் கண்டதும், 'இதற்குமேல் செய்தியில்லை, இது கையொப்பம்' என்று படிக்கும் கருவி அறிந்துகொள்ளும். மறுமொழி எழுதும்போது அப்பகுதியை விட்டுவிடும். ஒவ்வொரு மடலிலும் தன் பட்டங்களையும் பதவிகளையும் பத்து வரிக்கு அடுக்குவோர் அன்றும் இருந்தனர் போலும்! நான்கு வரி போதும் என்பது பொது வழக்காயிற்று.

காவலன் தடுப்பதில்லை, கேட்கிறான். ஆம் என்றால் விட்டுவிடுகிறான். முடிவு எழுதியவருடையதே. மேலும் பல காவலர்களை நாமே நியமித்துக்கொள்ளலாம். 'பலருக்கும் மறுமொழி செல்கிறதே, மெய்யாகவே எல்லோருக்குமா?' என்று கேட்கும்படி அமைக்கலாம். எந்த மடலையும் ஒருமுறை உறுதி கேட்ட பிறகே அனுப்பும்படி அமைக்கலாம். இவ்வாறு கருவியைத் தன் இயல்புக்கேற்பத் திருத்திக்கொள்வதே இவ்வகை உரைத்தொகுப்பிகளின் தனிச்சிறப்பு. அவரவர் குறை அவரவருக்கே தெரியும். அவசரக்காரர் தமக்கென ஒரு தடையையும், மறதிக்காரர் தமக்கென ஒரு நினைவூட்டலையும் அமைத்துக்கொள்ளலாம்.

எழுதும் இடத்திற்கேற்ப மடலின் தோற்றத்தை மாற்றும் வசதியும் உண்டு. அலுவலகத்துக்கு எழுதினால் அலுவலக முகவரியும் கையொப்பமும், குடும்பத்தார்க்கு எழுதினால் வீட்டு முகவரியும் பெயர் மட்டுமான கையொப்பமும் தாமே வரும்படி விதி எழுதி வைக்கலாம். மகளுக்கு எழுதும் மடலின் அடியில் 'மேலாளர், கணக்குப் பிரிவு' என்று நிற்பது அழகா?

அந்த ஓரிரவு

முன்பு இழந்தோம் என்று சொன்ன இரவை மீட்கும் வழியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. எழுதிய மடலை உடனே அனுப்பாமல் நிறுத்தி வைத்து, குறித்த காலத்திற்குப் பின் அனுப்பும்படி நூஸுக்குக் கட்டளையிடலாம். காலம் எதையும் நாம் குறிக்காவிட்டால் கருவி தானாகக் கொள்ளும் தவணை மூன்று நாள். மூன்று நாளுக்குள் எடுத்துத் திருத்தலாம். வேண்டாமென்று அழித்தும் விடலாம்.

இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் என்ற அம்மையார் 1995-இல் வலையுலக நடத்தை நெறிகளைத் தொகுத்து ஓர் ஆவணமாக வெளியிட்டார். உணர்ச்சி மிகுந்த மறுமொழியாயின் ஓர் இரவு பொறுத்திருந்து அனுப்புக என்பதும் அதில் ஒரு நெறி. முழுவதும் பெரிய எழுத்தில் எழுதினால் கூச்சலிடுவது போலாகும் என்பதும், கையொப்பம் நான்கு வரிக்கு மேற்படாதிருக்கட்டும் என்பதும் அதில் உள்ளன. நம் பாட்டனார் மாடத்தில் வைத்த இன்லண்டு மடலும் அந்த அம்மையாரின் நெறியும் ஒரே உண்மையைச் சொல்கின்றன.

இந்நெறிகள் ஏன் தேவைப்பட்டன? முன்னர்ச் செய்திக்குழுக்களில் எழுதியோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார். ஆண்டுதோறும் செப்டம்பரில் புது மாணவர் வந்து முறை தெரியாமல் எழுதுவர். மூத்தோர் கற்பிக்க, சில வாரங்களில் அடங்குவர். 1993-க்குப் பின் வணிக நிறுவனங்களின் வழியே பொதுமக்கள் அலையலையாய் வந்தபோது, கற்பிப்பவர் குறைந்து வருபவர் மிகுந்தனர். அந்த 1993 செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வருவோரைக் குறை கூறி என்ன பயன்? கற்பிக்கும் மூத்தோர் இல்லாத வீட்டில் பிள்ளைகள் எப்படி முறையறிவர்?

குரலில்லாச் சொல்

எழுத்துக்கு முகம் இல்லை, குரலும் இல்லை. 1982-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் மின்பலகையில் ஒருவர், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்ற பொருளில் விளையாட்டாக எழுதினார். அதனை மெய்யான எச்சரிக்கை என்று கொண்டவர்களும் இருந்தனர். விளையாட்டை விளையாட்டென்று எவ்வாறு காட்டுவது என விவாதம் எழுந்தது. அங்குப் பேராசிரியராயிருந்த ஸ்காட் ஃபால்மன் அவ்வாண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பக்கவாட்டில் சிரிக்கும் முகம் ஒன்றை முன்மொழிந்தார். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் அள்ளி வீசும் மஞ்சள் முகங்களுக்கு அது முன்னோடி. கற்றறிந்தோர் கூடிய இடத்திலேயே நகைச்சுவை எச்சரிக்கையாகிவிட்டதெனில், கடல் கடந்திருக்கும் மருமகள் நம் கேலியை எவ்வாறு படிப்பாள் என்று ஒரு கணம் எண்ண வேண்டாவா?

தமிழுக்கும் இதில் பங்குண்டு. தொடக்கத்தில் மின்னஞ்சல் ஆங்கில எழுத்தையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே சுமந்தது. அதற்கு இருந்த இடம் 128. நம் 247 எழுத்துகளுக்கு அங்கு வழியில்லை. ஆதலால் வெளிநாடுவாழ் தமிழர், செய்திக்குழுக்களில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினர். 1992-இல் நத்தேனியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் இருவரும் வகுத்த 'மைம்' முறை, பிற மொழி எழுத்துகளும் படங்களும் மடலில் செல்ல வழி திறந்தது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலிருந்த அன்பர்கள் மின்னஞ்சலால் ஒன்றுகூடிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிச் சேர்த்தனர். அவர்களை வழிநடத்திய கலியாணசுந்தரம் அவர்கள் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தவர். இன்று யூனிகோடு முறையால் தமிழ் எங்கும் தமிழாகவே செல்கிறது. ஈமாக்ஸிலும் தமிழில் எழுதலாம்.

செய்திக்குழுக்களின் ஆரவாரம் இன்று அடங்கிவிட்டது. அவற்றுக்குப் பெரியதொரு வாயிலாக விளங்கிய கூகிள் நிறுவனத்தின் குழுமச் சேவையும் 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டில் புதிய மடல் இடுவதை நிறுத்திவிட்டது. பழையவற்றைப் படிக்கலாம், புதிதாக எழுத வேறு வாயிலை நாட வேண்டும். கருவிகள் தோன்றும், மறையும். அவற்றோடு பழகியோர் கண்ட நல்லொழுக்கம் மறைய வேண்டியதில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கவை

வாசகர்கள் யாவரும் ஈமாக்ஸ் பயில வேண்டும் என்று நான் கூறவில்லை. நம் கையிலுள்ள எளிய கருவிகளைக் கொண்டே இவ்வொழுக்கத்தைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, முக்கியமான மடலைக் குறிப்பேட்டுச் செயலியில் எழுதுங்கள். அதில் அனுப்பும் பொத்தான் இல்லை. முடிந்தபின் எடுத்து ஒட்டுங்கள். மடற்பெட்டியிலேயே எழுதுவதாயின், பெறுநர் வரியைக் கடைசியில் நிரப்புங்கள். முகவரியில்லாத மடல் தவறியும் போகாது.

இரண்டாவது, 'பொருள்' வரியை வெறுமையாக விடாதீர்கள். 'வணக்கம்' என்பது பொருளாகாது. 'அம்மாவின் மருத்துவச் சீட்டு - திங்கட்கிழமைக்குள் தேவை' என்பதே பொருள்.

மூன்றாவது, பல கேள்விகளுக்கு விடை எழுதும்போது ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து அதன் கீழ் விடை எழுதுங்கள். அண்ணன் தம்பி கதையை நினைவிற் கொள்ளுங்கள்.

நான்காவது, 'அனைவர்க்கும் மறுமொழி' என்ற பொத்தானைத் தொடுமுன் அந்த அனைவரும் யார் யார் என்று பெயர் பெயராய்ப் படியுங்கள்.

ஐந்தாவது, ஜிமெயிலில் அனுப்பிய மடலை 30 நொடி வரை நிறுத்தும் வசதி அமைப்புப் பகுதியில் உள்ளது. இயல்பாக அது 5 நொடியே இருக்கும். இன்றே 30 ஆக்கிவையுங்கள். 'பின்னர் அனுப்பு' என்ற வசதியும் உண்டு. சினத்தோடு எழுதியதை மறுநாட் காலைக்கு என்று குறித்துவிட்டு உறங்குங்கள். விடிந்ததும் எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் அதனை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

பெற்றோர்களே, வேலைக்கு விண்ணப்பிக்கும் மகனையும் மகளையும் ஒருநாள் அருகில் அமர்த்தி இவற்றைக் கற்பியுங்கள். நாற்காலியில் நேராக அமரவும், பெரியோர் முன் நின்று பேசவும் கற்பித்த நீங்கள், அவர்கள் வாழ்நாளெல்லாம் எழுதப்போகும் மடல்களுக்குரிய மரியாதையைக் கற்பிக்காமல் விடலாமா? எழுதிய சொல் நம்முடையது. அனுப்பிய சொல் பெற்றவருடையது. நம்முடையதாய் இருக்கும்போதே அதனை ஒருமுறை, அதனைப் பெறப்போகிறவரின் கண்ணால் படித்துப் பார்ப்போம்.